பிடித்துவைத்தல் வரி

நிலையான வைப்பின் வட்டியில்
வங்கி பிடித்துவைத்த வரி
பதினாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் அறுபது சதம்.
என் வருமானம் எல்லைக்குக் கீழே, திருப்பித் தாருங்கள் என்று
மூன்று பிரதியில் எழுதிக் கொடுத்திருந்தேன்.
அந்தக் காசுக்கு ஒரு வேலையும் பார்த்து வைத்திருந்தேன்:
வலது கண்ணுக்கு வில்லை.

காசோலை வரவில்லை. கடிதம் வந்தது.
தங்களுக்குச் சேரவேண்டிய தொகை
தங்களிடமிருந்து அரசுக்குச் சேரவேண்டிய நிலுவையுடன்
எதிரீடு செய்யப்பட்டுள்ளது.
மிகுதி நிலுவை மூவாயிரத்து இருநூற்று நான்கு.

சண்டை பிடிக்கத்தான் ஆரையம்பதியில் பஸ் ஏறினேன்.
கல்லடிப் பாலம் தாண்டும்வரை
சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

ஏறாவூர்ப் பிள்ளை, ருஸ்னா என்று மேசையில் பெயர்.
பேசவிட்டாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்.
மோட்டார் சைக்கிள் முற்பணம், கள உத்தியோகத்தர் திட்டம்.
நிறம் சிவப்பு.
மாதத் தவணை நூற்றெண்பத்தைந்து.
கடைசித் தவணை 1990 மே.
"ஜூனிலருந்து ஏன் சேர் சம்பளத்தில கழிபடல்ல?"
அவள் பிறந்தது தொண்ணூற்றேழில் இருக்கும்.
கேள்வியில் பிழை இல்லை.

மண்முனைத் துறையில் அப்போது பாலம் இல்லை.
கபிலத் தத்தி அடித்த வயல் பார்க்க
பாதையில் ஏற்றி, படுவான்கரையில் இறக்கி,
மூன்று போகம் ஓடிய வண்டி.
அந்த ஜூனில் ஒரு காலை
களஞ்சியக்காரன் மேகராசா கேட்டான்:
"ஒரு மணித்தியாலத்துக்குத் தாங்க,
புள்ளைக்குப் பால்மா முடிஞ்சி."
கடன் வண்டியைக் கடன் கொடுத்தேன்.
பெற்றோல் கொஞ்சம்தான் கிடக்கு என்றும் சொன்னேன்.

சந்தியில் பிடித்து வைத்திருக்கிறார்களாம் என்று
ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.
யார் என்று அவர் சொல்லவில்லை.
நாங்கள் கேட்கவில்லை.

முறைப்பாடு எழுதப் பொலிசில் புத்தகம் இல்லை.
அடுத்த கிழமை கந்தோர் எரிந்தது,
அவன் கையெழுத்துப் போட்ட வரவுப் பதிவேட்டோடு.
பிறகு வந்த விசாரணைகள் இரண்டுக்கும்
அவன் மனைவி மங்களேஸ்வரியோடு நானும் போனேன்.
அப்படி ஒரு வண்டி இருந்ததற்கு ஆதாரம்?
துண்டுக் கடதாசிகூட எங்களிடம் இல்லை.

அத்தனையும் எரிந்த இடத்தில்
எரியாமல் ஒரு வரி கிடந்திருக்கிறது,
எந்தப் பேரேட்டிலோ,
முப்பத்துநாலு வருடமாக என்னைத் தேடிக்கொண்டு.

குடையைச் சுவரில் சாய்த்தேன்.
"மகள், இதில ஒரு பிரதி எடுத்து
முத்திரை குத்தித் தருவீங்களா?"
"மிச்சத்தையும் கட்டிட்டா கோவையே மூடிரும் சேர்.
மூவாயிரம்தானே."
எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தாள்.
காசு பையில் இருந்தது.
எண்ணினேன்.
திரும்பவும் மடித்து வைத்தேன்.

மங்களேஸ்வரி வாசல் வெளிச்சத்தில் பிரதியைப் பிடித்து
விரல் வைத்து வாசித்தாள்.
"சிவப்பா?
நீலமெண்டுதானே நான் எல்லா இடமும் சொன்ன நான்."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
அடுப்பில் எதுவோ பொங்கி வழியும் சத்தம்.
எழும்பிப் போனவள் உள்ளே நின்றே சொன்னாள்:
"மிச்சத்தக் கட்டிராதீங்க."

இந்த வருடமும் வட்டி வந்தது.
வங்கி பிடித்துவைத்தது.
படிவம் மேசையில் கிடக்கிறது, நிரப்பவில்லை.
நிரப்பினால் கழித்துவிடுவார்கள்,
கடன் தீர்ந்துபோகும்.
வலது கண் இப்போதும் மங்கல்தான்.
இடது கண்ணால் வாசிக்கலாம்,
நிறம், தவணை, மே.